இன்னும் ஒரு சுற்று

1.

இந்தக் கதை எனக்கு ஒரு மருத்துவமனை நடையில் கிடைத்தது. ஒருத்தி தன் தம்பிக்குச் சட்டைப் பொத்தான் போட்டுவிட்டுக்கொண்டிருந்தாள். இருவருக்கும் நாற்பதைத் தாண்டிய வயது. அவனுடைய வலது கையில் முழங்கைவரை கட்டு. நான் பார்த்தது அவ்வளவுதான், மற்றதெல்லாம் கற்பனை.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘ஆலை முழுக்க நீராவி சீறிக்கொண்டு—’ அடித்துவிட்டேன். அன்று தொடக்கத்தில் எதுவும் சீறவில்லை. ஒரு வால்வின் கழுத்தில் லேசாகக் கசிந்தது.

2.

அக்கா ஆலையில் வால்வு பழுதுபார்ப்பவள். தம்பி அங்கேயே பாய்லர் பார்ப்பவன்.

“பேக்கிங் போயிடுச்சுக்கா. ஸ்டீம் லைனை மூடிட்டு மாத்திடலாம்.”

“அதுக்கு ஆலையையே நிறுத்தணும்டா. நட்டை இறுக்குனா நின்னுடும். நீ லைட்டைப் பிடி.”

(வால்வின் தண்டைச் சுற்றி அடைக்கும் கயிறுதான் பேக்கிங். அது கருகிவிட்டால் இறுக்கிப் பயனில்லை. இது அவளுக்குத் தெரியாததல்ல.)

இறுக்கினாள். கசிவு குறைந்தது, நிற்கவில்லை. இன்னும் ஒரு சுற்று இறுக்கினாள். துருவேறிய போல்ட் முறிந்து நீராவி பீறிட்டது. விளக்கைப் பிடித்திருந்த கை வெந்துபோனது.

3.

விசாரணையில் தம்பி முந்திக்கொண்டான். “அக்கா லைனை மூடத்தான் சொன்னாங்க சார். நான்தான் இறுக்கினா போதும்னேன்.”

அவனுக்கு வேலை போனது.

இந்த இடத்தில் அவளை நல்லவளாக்கப் பார்த்தேன்: ‘அதிர்ச்சியில் அவளுக்குப் பேச்சே—’ இல்லை. பேச்சு வந்தது. அவள்தான் விழுங்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் கேட்டாள். “ஏன்டா அப்படிச் சொன்னே?”

“இந்தக் கையை வெச்சுக்கிட்டு நான் இனிமே என்ன வேலை பாக்கப் போறேன்? உனக்காவது இருக்கட்டும்.”

திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள்.

4.

ஒரு முடிவில் அவள் உண்மையைச் சொன்னாள். தம்பி கொடுத்ததை அவன் முகத்திலேயே எறிந்தது போலிருந்தது. இன்னொரு முடிவில் சொல்லாமலே ஓய்வுபெற்றாள். அதை எழுத எனக்குக் கொஞ்சமும் சிரமமில்லை, அதனாலேயே கிழித்துப்போட்டேன்.

இப்போது அவளை மேலாளர் அறைக்குள் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறேன். வேறொரு வால்வு கசிகிறது. ஆலையை நிறுத்த வேண்டும் என்கிறாள்.

“நிறுத்திடலாம்மா,” என்கிறார் அவர். “போன தடவையே உங்க தம்பி உங்க பேச்சைக் கேட்டிருக்கலாம்.”

அவள் நகரவில்லை. அவர் நிமிர்ந்து பார்க்கிறார்.

“வேற ஏதாவது சொல்லணுமா?”

நான் இத்தோடு வெளியே போய்விடுகிறேன். நீங்கள் கொஞ்சம் அவள் பக்கத்தில் இருங்கள்.