நடுவிலிருக்கும் புல்

...இல்லை, வெளியே மேய்கிற ஆட்டின் பாலில் அந்த இனிப்பு வர வாய்ப்பே இல்லை, குடுவைக்குப் புகை போட்டுத்தான் கொண்டுவருகிறான், அந்தப் புகை வாசனையையும் தாண்டி நாக்கின் அடியில் வந்து தங்கியதே, அது தரெமோ புல்லேதான், அந்தப் புல் இப்போது வேறெங்கே இருக்கிறது, நான் பகலெல்லாம் காவல் உட்கார்ந்திருக்கும் இந்த முள்ளடைப்புக்குள்தானே இருக்கிறது? வெளியே ஆடுகள் அட்டைப்பெட்டியைத் தின்கின்றன, காய்ந்த முட்செடியை மென்று மென்று, சொட்டுகிற கொஞ்சப் பாலும் கசக்கிறது. ஆனால் என் தம்பி சுகுலே இந்த வாரம் முழுக்கக் காலையில் குடுவையோடு வந்து நிற்கிறான், அக்கா வீட்டுக்கு வெறுங்கையோடு வரக்கூடாதாம், என்ன திடீர் மரியாதை, நல்ல காலத்தில் கையை வீசிக்கொண்டு வந்து என் டீயைக் குடித்துவிட்டுப் போனவன். "ஆட்டுக்கு என்னத்தடா போடற, இப்படிக் கறக்குது?" என்று கேட்டேன். "அல்லா குடுக்கறான்க்கா. நீ குடிக்காட்டியும் போவுது, பிள்ளைக்குக் குடு," என்றான், என் முகத்தைப் பார்க்காமல். மேலே கேட்டிருக்க வேண்டும்தான். ஆனால் ஃபில்ஸன் கோப்பைக்குள் விரலை விட்டு வழித்து நக்கிக்கொண்டிருந்தாள், அந்த நேரத்தில் எந்தத் தாய் கேள்வி கேட்பாள்?

முதுகு வலிக்கிறது, சும்மா உட்கார்ந்திருப்பதில் இவ்வளவு களைப்பா என்று யாராவது கேட்டால் இந்த வெயிலில் வந்து உட்கார்ந்து பார் என்று சொல்லலாம், கேட்கத்தான் ஆளில்லை... போன மழை பொய்த்ததும் ஊரே மரத்தடியில் கூடிச் சத்தியம் செய்துதான் இந்தப் புல்லை அடைத்தோம், அடுத்த மழையும் தாமதமானால் கடைசியில் எல்லா வீட்டு ஆடும் ஒன்றாக இதில் மேய்ந்து உயிர் தப்பட்டும், அதுவரை ஒருவரும் உள்ளே விடக்கூடாது, விட்டால் அவர் மந்தையில் கொழுத்ததைப் பிடித்து அறுத்து ஊருக்குப் பங்கு. கொழுத்ததாம். சுகுலேயிடம் இருப்பதே நாலைந்து, அதில் ஒன்று போனால் அவன் பெண்டாட்டி பிள்ளையோடு பஞ்ச நிவாரண முகாமுக்கு லாரி ஏற வேண்டியதுதான். என் கணவர் ஒட்டகங்களை ஓட்டிக்கொண்டு தண்ணீர் தேடி எல்லை தாண்டிப் போயிருக்கிறார், இங்கே இருந்தால் மச்சான் என்றும் பார்க்காமல் காதைத் திருகியிருப்பார். அவருக்கென்ன, பிள்ளை எவ்வளவு வற்றிவிட்டாள் என்று மருந்தகத்தில் கையைச் சுற்றிப் பார்க்கும் அளவு நாடா, ஃபில்ஸனுக்குச் சிவப்பில், சாவுக்குப் பக்கத்தில் நின்றதை அவர் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். என் இரண்டு விரலுக்குள் அடங்கிப்போன கை, அதை விட்டுவிட்டால் எங்கே நழுவிவிடுமோ என்று ராத்திரியெல்லாம் பிடித்துக்கொண்டே படுத்திருந்தேன்.

இன்று காலை மஞ்சள். மருந்தகத்தில் நர்ஸ் அம்பரோ நாடாவைச் சுற்றிப் பார்த்துவிட்டு என் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள். "கல்தூன், உம்பொண்ணு பொழச்சிட்டாடி! என்ன மந்திரம் போட்ட?" எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, மறைக்கத்தான் "எல்லாம் பிள்ள தேறட்டும்னு நீ குடுத்த கடலை விழுதுப் பொட்டலம்தான்," என்றேன். "எந்தப் பொட்டலம்? லாரி வந்தே எவ்வளவு நாளாச்சு, பெட்டி காலி. அதோட, உம்பொண்ணு மட்டுமில்ல, இந்த வாரம் வந்த பிள்ளைங்க எல்லாமே தேறியிருக்கு. ஹெர்ஸியோட பேரன்கூட! எனக்கே ஒண்ணும் புரியல, அல்ஹம்துலில்லாஹ்." நானும் அல்ஹம்துலில்லாஹ் என்றேன், வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தேன். இங்கே உட்கார்ந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான், ஈயை ஓட்டிக்கொண்டிருக்கும்போது அந்த வார்த்தை திரும்ப வந்தது... எல்லாப் பிள்ளைகளுமா? சுகுலேயின் நாலைந்து ஆடு எத்தனை வீட்டுக்குக் கறக்கும்? ஹெர்ஸி வீட்டுக்குப் பால் ஏது? ஹெர்ஸி பெரியப்பாதானே இங்கே ராத்திரிக் காவல்?

வேலியோரம் புல் நன்றாகத்தான் நிற்கிறது, முழங்கால் உயரம், காற்றில் அசைகிறது, தினமும் இதைப் பார்த்துத்தான் "எல்லாம் சரி" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போகிறேன். ஆனால் நடுவில்? உள்ளே காலடி பட்டாலே புல் பாழாகும் என்று நானே எல்லோரையும் திட்டுவேன், நானும் போவதில்லை, அதனால்தான் போவதில்லையா? யாராவது ஒருவன் திருடினால் பிடித்துக் கட்டலாம், ஊரே தன் பிள்ளைக்காகத் திருடினால் நான் யாரிடம் போய்ச் சொல்வது, சொன்னால் நாளைக்குக் காலையில் குடுவை வராது, நாடா மறுபடி சிவப்பு. சொல்லாவிட்டால்... மழை வராமல் போய், ஆடுகளை ஓட்டிக்கொண்டு எல்லோரும் வந்து நின்று, இந்த முள்ளை விலக்கி உள்ளே பார்க்கும் அந்த ஒரு நாள். அன்றைக்கு ஃபில்ஸனுக்கு நான் என்ன கொடுப்பேன்? பயமாக இருக்கிறது. பயப்படக்கூடத் தெம்பில்லை, அதுதான் உண்மை. எழுந்து போய்ப் பார்த்துவிட்டால் தெரிந்துவிடும், ஒரு நடைதான், கால்தான் எழவில்லை.

ஹெர்ஸி பெரியப்பா இன்று சீக்கிரமே வந்துவிட்டார், மருதாணி பூசிய சிவப்புத் தாடியைத் தடவிக்கொண்டு. "எல்லாம் சரிதானே மகளே?" என்றார். "சரிதான் பெரியப்பா," என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது, அப்புறம்தான் எங்கிருந்தோ ஒரு துணிச்சல், "ரெண்டு பேருமா ஒரு தடவ நடுவுல போயிப் பாத்துட்டு வந்துரலாமா?" என்றேன். அவர் கைத்தடியால் மண்ணைக் கிளறினார், கிளறிக்கொண்டே இருந்தார். "இப்பவா? இருட்டிருச்சேம்மா," என்றார், "பாம்பு கிடக்கும். பிள்ள உன்னத் தேடுவா, வீட்டுக்குப் போ." மேற்கே திரும்பி நின்று, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கி, நெற்றியில் கையை வைத்துக்கொண்டுதான் அதைச் சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம்கூட வரவில்லை. "ஆமா பெரியப்பா, நல்லாவே இருட்டிருச்சு," என்றேன் நான்.