ஜெயபாய் செய்த நட்சத்திரம்

1992ஆம் ஆண்டு டிசம்பர் பத்தொன்பதாம் தேதி, சனிக்கிழமை மாலை, ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் தெருவில் கிறிஸ்துமஸ் நட்சத்திரம் கட்டாத கிறிஸ்தவ வீடு எங்களுடையது ஒன்றே. மரணம் நேர்ந்த வீட்டில் அவ்வருடம் நட்சத்திரம் கட்டுவதில்லை. வீடு வீடாகப் பாடிவரும் கீத பவனியும் அவ்வாசலில் பாடாமல் கடந்துபோகும். எங்கள் வீட்டில் மரணம் நேர்ந்ததா, இல்லையா என்பதுதான் தீராத வழக்காக இருந்தது.

என் தம்பி ரத்தினம் ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி நெய்யும் தறிக்கூடத்தில் வேலை பார்த்தான். நட்சத்திரத்துக்குச் சட்டம் கட்ட மூங்கில் சிம்பு வெட்டிவர ஆண்டுதோறும் சைக்கிளில் கூமாப்பட்டிக்குப் போவான். நவம்பர் மழையில் அவ்வாறு போனவனை ஓடை வெள்ளம் கொண்டுபோயிற்று. தரைப்பாலத்துக்குக் கீழே, புளியமரத்தில் சிக்கியிருந்த சைக்கிள் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை.

அவன் மனைவி ஜெயபாய் அழவில்லை. சைக்கிளின் சேற்றைக் கழுவி, சங்கிலிக்கு எண்ணெய் விட்டு, அடுக்களைச் சுவரோரம் நிறுத்தினாள். வந்ததும் அவர் வேலைக்குப் போக வேண்டுமே என்றாள். துக்கம் விசாரிக்க வந்தவர்களைத் திண்ணமாகத் திருப்பியனுப்பினாள். எதிர்வீட்டு இசக்கியம்மாள், ரத்தினம் வரும்போது தன் பந்தலுக்கும் நாலு மூங்கில் கொண்டுவரட்டும் என்று குழாயடியில் கேலியாகச் சொன்னதாகக் கேள்வி.

அந்தச் சனிக்கிழமை மதியம் சபை மூப்பர் ஞானையா வந்து, பவனி எங்கள் வாசலில் பாடலாமா, கூடாதா என்று கேட்டார். வீட்டுக்கு மூத்தவள் நான். விளக்கு வைப்பதற்குள் சொல்லியனுப்புவதாகச் சொன்னேன்.

உள்ளே ஜெயபாய் ஒரு நட்சத்திரத்தைச் செய்து முடித்திருந்தாள். தறிக்கூடத்துக் கழிவுத் துணியை மஞ்சள் சாயத்தில் தோய்த்து, மைதாப் பசை தடவி, சுருக்கமில்லாமல் இழுத்து ஒட்டியிருந்தாள். ஐந்து முனைகளும் ஒரே அளவு. நூல் சுற்றும் காகிதக் கோன்களை வளையங்களாக நறுக்கி வால் கோத்திருந்தாள். குறை சொல்ல இடமில்லை.

"கட்டிருவோம் மதினி. கட்டலன்னா, அவிய செத்துட்டாகன்னு நாமளே ஊருக்குச் சொன்ன மாதிரி ஆயிரும்."

நட்சத்திரத்தைத் தூக்கிப் பார்த்தேன். சட்டம் மூங்கிலாக இல்லை. துணிக்குள் மெல்லிய கம்பிகள் மின்னின. அடுக்களைப் பக்கம் திரும்பினேன். சைக்கிள் பிரிந்து கிடந்தது. கம்பியில்லாத இரு சக்கரங்கள் வெறும் வட்டங்களாகச் சுவரில் சாய்ந்திருந்தன.

"ஏட்டி, தம்பி வந்தா எதுல ராஜபாளையம் போவான்?"

ஜெயபாய் திரும்பினாள். வேறு யாரோ பிரித்துப் போட்டதைப் பார்ப்பதுபோல் சைக்கிளைப் பார்த்தாள். பிறகு, பசை காயாத கைகளை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரிஞ்சிருக்கு மதினி," என்றாள்.

அதன் பிறகுதான் அழுதாள். நான் அவளருகில் உட்கார்ந்தேன்.

பவனி எங்கள் வாசலில் பாட வேண்டாம் என்று மூப்பருக்குச் சொல்லியனுப்பினோம். ரத்தினத்துக்கு நினைவு ஆராதனை நடத்தும்படி மறுநாள் போதகரிடம் கேட்பதென்று முடிவு செய்தோம். நட்சத்திரத்தை அவ்வருடம் கட்டவில்லை, பிரிக்கவும் இல்லை. அடுத்த டிசம்பரில் அதையே கட்டுவதென்றும், மூங்கில் வெட்ட இனி யாரையும் கூமாப்பட்டிக்கு அனுப்புவதில்லை என்றும் தீர்மானித்தோம்.