லிகாயாவின் கோடு

விடிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஜெர்மனியில், ஸ்டுட்கார்ட்டை ஒட்டிய கன்ஷ்டாட்டில் ஒரு பழைய தையல் ஆலையின் மூன்றாம் மாடியில் பத்துக் கண்ணாடி மேசைகளும் எரியத் தொடங்கிவிட்டன. எரிவது மேசைக்குள் இருக்கும் குழல்விளக்கு. அதன்மேல் தாளுக்கு மேல் தாளாக அடுக்கி, கீழே தெரிகிற படத்துக்கும் மேலே வரவேண்டிய படத்துக்கும் நடுவில் இல்லாத ஒரு படத்தைப் பென்சிலால் இழுக்கவேண்டும். தொலைக்காட்சியில் ஒரு கன்றுக்குட்டி ஒருதரம் தலையாட்டினால் பிள்ளைகள் சிரிப்பார்கள். அந்த ஓர் ஆட்டலுக்குப் பன்னிரண்டு தாள். வெப்பக்குழாய் எட்டு மணிக்குத்தான் சூடேறும். அதுவரை விரல் விறைக்கும், கண் எரியும்.

தேவமலரின் வேலை அந்தத் தாள்களுக்குக் கணினியில் நிறம் நிரப்புவது. கோட்டுக்குள் ஒரு சொடுக்கு, கன்று பழுப்பாகும். இன்னொரு சொடுக்கு, மழைக்கோட்டு நீலமாகும். ஒரு நாளைக்கு நானூறு தாள். ஆறு வருடத்தில் வலது மணிக்கட்டில் பட்டி கட்டாமல் சோறு பிசைய முடியாத நிலைக்கு வந்திருந்தாள். தாள்களைக் கணினிக்குள் ஏற்றுபவர் யோசேப்பு அண்ணை. ஊரில் ஆலை ஒன்றில் சங்கம் நடத்தி, வேலையையும் இரண்டு பல்லையும் இழந்தவர்.

கன்றைப் படைத்தவன் லாம்பெர்த்தோ. மணிலாக்காரன், நாற்பத்தொரு வயது. பதினாறு வயதில் ஒரு படக்கதை அச்சகத்தில் பேச்சுக்கூண்டுக்குள் எழுத்து எழுதத் தொடங்கியவன், பத்தொன்பதில் சொந்தக் கதை வரைந்தான். மழைக்கோட்டுப் போட்ட எருமைக்கன்று ஒன்று வெள்ளம் புகுந்த தெருக்களில் நீந்திப்போய்ச் சனங்களைக் கரையேற்றும். வாரம் நான்கு பக்கம். வண்டியோட்டிகளும் சலவைக்காரிகளும் அதைப் பெட்டிக்கடையில் வாடகைக்கு எடுத்துப் படிப்பார்களாம். பிறகு படக்கதை படிக்க ஆள் குறைந்தது, அச்சகம் மூடியது. வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்குக் கூலிக்கு வரையும் பெரிய கூடத்தில் போய் உட்கார்ந்தான். பக்கத்து மேசைக்காரி லிகாயாவைக் கல்யாணம் செய்தான். ஓய்வு நாட்களில் எருமைக்கன்றை வைத்து ஐந்து நிமிடப் படம் ஒன்று செய்தான். அது ஸ்டுட்கார்ட்டில் ஒரு விழாவுக்கு வந்து இந்த மூன்றாம் மாடியின் முதலாளி ஃபோக்ட்டின் கண்ணில் பட்டது. இரண்டாயிரமாம் ஆண்டு விசா வந்தது. ஜெர்மன் பிள்ளைகளுக்கு எருமை விளங்காது என்று ஃபோக்ட் அதைப் பசுக்கன்றாக்கி, குஸ்டல் என்று பெயரும் வைத்தார். மழைக்கோட்டு மட்டும் தப்பியது.

"தோலை உரிச்சாலும் ஆள் உயிரோட இருக்குதே, மலர்" என்பான் லாம்பெர்த்தோ. இருவருக்கும் நடுவில் ஓடுவது உடைந்த ஜெர்மன். ஆனால் தேவமலரின் காதில் அது தன் ஊர்த் தமிழாகவே விழும்.

மூன்று வருடமாக அவனுக்கு ஒரே ஆசை. லிகாயாவும் மகளும் இங்கே வரவேண்டும். அன்ட்ராக், அதாவது விண்ணப்பம், கொடுத்தாயிற்று. நிலையான வேலைக்கு ஒரு கடிதம் வைத்தால் கிறிஸ்மசுக்கு முன்பே வந்துவிடலாம் என்று அலுவலகத்தில் சொல்லியிருந்தார்கள். நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை டெர்மின், அங்கே நேரில் வரச்சொன்ன நாள்.

அந்த வருடக் கோடையில்தான் அவன் ஒரு பிழையைச் செய்தான். கன்றுக்கு ஒரு கையேடு வரைந்து தருமாறு ஃபோக்ட் கேட்டார். கேட்டது இருபது பக்கம்; இவன் நூற்றெண்பது பக்கம் வரைந்தான். கன்று முன்னால், பின்னால், கீழிருந்து. கண் மூடும்போது இமை எந்த இடத்தில் மடியும், ஓடும்போது மழைக்கோட்டின் ஓரம் எத்தனை தாள் பிந்தி வரும் எல்லாம் அதில் இருந்தன. மூன்று மாதம் ஞாயிறும் வேலை. தன் கலைக்குக் கிடைத்த மரியாதை என்று நினைத்தான். யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதைதான். அந்தக் கையேடு கையில் இருந்தால் உலகத்தில் எவரும் குஸ்டலை வரையலாம், லாம்பெர்த்தோ தேவையில்லை.

டெர்மினுக்கு முந்தின புதன்கிழமை, மணிலாவிலிருந்து ஒரு பொதி வந்தது. ஃபோக்ட் எல்லாரையும் கூப்பிட்டார்.

"தை மாதம் முதல் வரையும் வேலை மணிலாவுக்குப் போகிறது. இது அவர்களுடைய சோதனைத் தாள்கள். நன்றாகவே செய்திருக்கிறார்கள். இங்கே மூன்று பேர் போதும். வருத்தமாகத்தான் இருக்கிறது, சந்தை அப்படி."

சந்தையாம்! சந்தைக்கு வாய் இருந்தால் அதுவே வந்து சொல்லியிருக்கும்.

ஆனால் தொலைக்காட்சிக்காரர்களின் ஒப்பந்தத்தில் ஒரு வரி இருந்தது. கன்றைப் படைத்தவன் 'தகுதி' என்று எழுதிக் கையெழுத்துப் போடாமல் வேறு கூடம் எதுவும் அதை வரையக்கூடாது. ஃபோக்ட் லாம்பெர்த்தோவின் தோளில் கை வைத்தார்.

"வெள்ளிக்கிழமைக்குள் கையெழுத்து. நீங்கள் மேற்பார்வையாளர். இரண்டு வருட வேலைக்கடிதம். செவ்வாய்க்கிழமை அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள்."

லாம்பெர்த்தோவின் முகத்தில் ஒரு கணம் வெளிச்சம் வந்ததைத் தேவமலர் கண்டாள். அதற்காக அவனைக் குறைசொல்ல அவளுக்கு மனம் வரவில்லை.

மறுநாள் காலை சோதனைத் தாள்கள் அவளுடைய கணினிக்கு வந்தன. கன்றின் தலைக்குள் பழுப்பைச் சொடுக்கினாள். நிறம் தலையோடு நிற்காமல் திரை முழுவதும் வழிந்தது. பெருப்பித்துப் பார்த்தாள். இடது காதின் நுனியில் கோடு மூடவில்லை; மயிரளவு இடைவெளி. அடுத்த தாளிலும் அப்படியே. அதற்கடுத்ததிலும்.

"ஆரடா இது, காதை மூடத் தெரியாத மூதேவி?" என்று எரிச்சலோடு திரையை லாம்பெர்த்தோவின் பக்கம் திருப்பினாள். "இஞ்ச பாருங்கோ, ஒவ்வொண்டிலையும் ஓட்டை!"

அவன் முதலில் சிரித்தான். பிறகு கதிரையை இழுத்து நெருங்கினான். மூலத் தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தான்.

"இது லிகாயா."

"என்ன?"

"காது நுனிக்கு வந்தவுடனே பென்சிலைத் தூக்கிவிடுவாள். பத்து வருசமா மேற்பார்வைக்காரன் ஏசுறான், திருந்தேல்லை. மலர், இது என்ர மனுசீன்ர கை."

அவன் அழவில்லை. ஒரு தாளை முகத்தருகில் கொண்டுபோனான், மணந்து பார்ப்பவனைப் போல. தேவமலர் கணினியிலிருந்து கையை எடுத்தாள். கடவுளே, இந்தப் பூமியில் அத்தனை வரைகாரர்கள் இருக்க, அந்தப் பெண்ணின் மேசைக்குத்தானா இது போகவேண்டும்!

மத்தியானம் தேநீர் அறையில் யோசேப்பு அண்ணையோடு மூவராக இருந்தார்கள். தேவமலர் மனத்தில் இருந்ததை அப்படியே கொட்டினாள்.

"நான் பாவம் பழி பாக்கேல்லை, சொல்லுறன். ஓட்டை இருக்குத்தானே? 'தகுதி இல்லை' எண்டு எழுதுங்கோ. பொய் இல்லை. பன்னிரண்டு பேற்ற வேலையும் தப்பும்."

"எழுதினா எந்த மேசை எண்டு அங்க தேடுவாங்கள். அண்டைக்கே அவளை வெளியில விடுவாங்கள். பிள்ளைக்கு அவள்தான் சோறு போடுறாள், மலர். நான் அனுப்புறது வீட்டு வாடகைக்கே காணாது."

"அப்ப தகுதி எண்டு எழுதுவியளோ? நாங்கள் ஒன்பது பேர் தெருவில நிக்கிறதோ?"

கேட்ட பிறகு அவளுக்கே வெட்கமாக இருந்தது. யோசேப்பு அண்ணை கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தார்.

"இவன் இரண்டில ஒண்டை எழுதவேணும் எண்டுதானே அவர் தாளை நீட்டியிருக்கிறார்? எதை எழுதினாலும் ஒரு தொழிலாளி இன்னொரு தொழிலாளியை வெட்டுறான். முதலாளீன்ர கையில கறை படாது. தம்பி, ஏன் அந்தத் தாளில எழுதவேணும்? வேற தாள் ஒண்டு இருக்கு. இந்த நாட்டுச் சட்டத்தில தொழிலாளர் சபை அமைக்கலாம். கூட்டத்துக்கு அழைக்க மூண்டு கையெழுத்துக் காணும். சபை எண்டு ஒண்டு வந்தா, எங்களோட பேசாமல் ஒரு மேசையையும் அசைக்கிறது லேசில்லை."

"அப்ப வேலை மணிலாவுக்குப் போறதை நிப்பாட்டலாமோ, அண்ணை?" என்றாள் தேவமலர்.

"அது தெரியாது, பிள்ளை. கேக்கவாவது செய்யலாம்."

"மூண்டு பேர் ஆர்?" என்று லாம்பெர்த்தோ கேட்டான். கேட்கும்போதே அவனுக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஃபோக்ட்டின் அறைக்கு மூவரும் போனார்கள். அவர் பேனாவைத் திறந்து வைத்திருந்தார்.

"ஒருவரைத்தானே கூப்பிட்டேன்?"

"ஓம். மூண்டு பேர் வந்திருக்கிறம்" என்றாள் தேவமலர்.

லாம்பெர்த்தோ தாளைப் பார்த்தான். "கோடு நல்ல கோடு. என்னைவிட நல்லாக் கீறியிருக்கினம். ஆனா நான் கையெழுத்து வைக்கமாட்டன்."

"நல்லது என்றால் ஏன் மறுக்கிறீர்கள்?"

"அதைக் கீறினது ஆரெண்டு உங்களுக்குத் தெரியுமோ?"

"ஒரு நிறுவனம்."

"இல்லை. என்ர மனுசி."

ஃபோக்ட் கதிரையில் நிமிர்ந்தார். நிஜமாகவே மகிழ்ந்தவர் போலத்தான் இருந்தது. "எவ்வளவு நல்லது! அவருக்கும் வேலை, உங்களுக்கும் வேலை. இதில் என்ன கஷ்டம்?"

"அவளைக் கொண்டு இவையளைத் துரத்துறியள். பிறகு இன்னொரு ஊர்க்காரியைக் கொண்டு அவளைத் துரத்துவியள்."

"செவ்வாய்க்கிழமையை யோசியுங்கள். கடிதம் இல்லாமல் உங்கள் விசாவும் வசந்தத்தோடு முடியும். நான் மிரட்டவில்லை, நினைவூட்டுகிறேன்."

லாம்பெர்த்தோவின் கை மேசை விளிம்பைப் பிடித்தது. இப்போது அவன் பேனாவை எடுத்தால் தடுக்கமாட்டேன் என்று தேவமலர் நினைத்தாள். அவன் எடுக்கவில்லை. யோசேப்பு அண்ணை மூன்று பெயர் போட்ட அழைப்பை அந்தப் பேனாவின் மேலேயே வைத்தார்.

"அடுத்த வெள்ளி கூட்டம். இதின்ர ஒரு பிரதியைக் கதவில ஒட்டப்போறம்."

"மூன்று பேரை வைத்துக்கொண்டு?" ஃபோக்ட் சிரித்தார்.

"சட்டத்துக்கு மூண்டு காணும்" என்றார் யோசேப்பு அண்ணை.

இனி லிகாயாவிடம் சொல்லவேண்டும். மதிய இடைவேளையில் மழையோடு நடந்து ரயில் நிலையத்துக்கு அருகே இருந்த தொலைபேசிக் கடைக்குப் போனார்கள். மணிலாவில் அப்போது மாலை ஏழு மணி. லாம்பெர்த்தோ கூண்டுக்குள் போனான். கதவு சரியாகச் சாத்தாது. தேவமலரும் யோசேப்பு அண்ணையும் வெளியே நின்றார்கள்.

அவர்களுக்கு அந்த மொழி தெரியாது. ஆனால் மறுமுனையில் எழுந்த சிரிப்புக்கு மொழி வேண்டியிருக்கவில்லை. ஒரு பெண் மூச்சு வாங்காமல் மகிழ்ச்சியாக ஏதோ சொல்லிக்கொண்டே போனாள். லாம்பெர்த்தோ நெற்றியைக் கண்ணாடியில் முட்டிக்கொண்டு கேட்டான். பிறகு மெல்ல, ஒவ்வொரு சொல்லாகப் பேசினான். சிரிப்பு நின்றது. பிறகு அவள் ஏதோ கேட்டாள், அவன் ஒற்றைச் சொல்லில் பதில் சொன்னான். மறுபடி கேட்டாள், மறுபடி சொன்னான்.

வெளியே வந்தவன் சுவரோடு சாய்ந்து இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். தேவமலர் அவன் தோளைப் பிடித்தாள்.

"என்னவாம்?"

"மழைக்கோட்டைக் கண்டவுடனே தெரிஞ்சிட்டுதாம், என்ர கன்று எண்டு. எனக்கு வேலை கூடிப்போச்சு, அதாலதான் அங்கயும் அனுப்பியிருக்கினம் எண்டு நினைச்சிருக்கிறாள். தானாக் கேட்டு வாங்கிக் கீறினவளாம். வந்து சொல்லிச் சிரிப்பம் எண்டு இருந்தவளாம்." கைகளை முகத்திலிருந்து எடுத்தான். "நான் எல்லாத்தையும் சொன்னன். அப்ப கிறிஸ்மசுக்கு நாங்கள் வரேல்லை என்ன எண்டு அவளே கேட்டாள். நான் ஓம் எண்டன். வேற ஒண்டும் சொல்ல என்னாலை ஏலாமல் போச்சு."

தேவமலரும் அழுதாள். கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டார்.

"பிறகு ஏதோ கேட்டாளே?" என்றார் யோசேப்பு அண்ணை.

"நீங்கள் எத்தனை பேர் எண்டு கேட்டாள். இண்டைக்கு மூண்டு எண்டு சொன்னன்." லாம்பெர்த்தோ மூக்கைத் துடைத்துக்கொண்டான். "தங்கட மாடியில நாப்பது பேராம். நாளைக்குக் காலமை மேசை மேசையாப் போய்ச் சொல்லப்போறாளாம், உது ஆற்ற சோத்தைப் பறிக்கிற வேலை எண்டு. ஆர் கேப்பினம், ஆர் கேக்கமாட்டினம் தெரியாதாம். தன்னை வெளியில விட்டாலும் விடுவினமாம்."

திரும்பி ஆலைக்கு வந்தபோது படிக்கட்டில் கூட்டமாக இருந்தது. மற்ற ஒன்பது பேரும் கோட்டுப் போட்டபடி கதவில் ஒட்டியிருந்த தாளின் முன் நின்றார்கள். மேலே ஒரு மேசையிலும் விளக்கு எரியவில்லை. அவர்களில் மூத்தவளான போலந்துக்காரி, தேவமலரின் சிவந்த கண்களைப் பார்த்தாள், லாம்பெர்த்தோவின் கண்களையும் பார்த்தாள்.

"இதில் நான்காவது ஆள் எங்கே கையெழுத்துப் போடவேண்டும்?" என்று கேட்டாள்.

சட்டப்படி நான்காவது தேவையில்லை என்று சொல்ல யோசேப்பு அண்ணை வாயெடுத்தார். தேவமலர் அவருடைய கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, தன் பேனாவை அவளிடம் நீட்டினாள்.