ஊதி அணைத்த அடுப்பு

1

‘இனி ஊத வேண்டாம் என்றால், அடுப்படியில் எனக்கு என்ன வேலை?’

சின்னவளின் மனசுக்குள் ஓடிய இந்தக் கேள்வியில்தான் கதை தொடங்குகிறது. ஆனால் நான் தொடங்கியது கதையை அல்ல. வீட்டுச் சமையலுக்குக் கேஸ் அடுப்பு வந்த வரலாற்றைக் கட்டுரையாகக் கேட்டிருந்தார் ஒரு பத்திரிகை ஆசிரியர். முதலில் விளக்கெரிக்கத்தான் வாயுவைக் குழாயில் கொண்டுவந்தார்கள். மின்விளக்கு வந்து அந்தப் பிழைப்பில் மண் விழுந்ததும், விற்றவர்கள் சமையலறைப் பக்கம் திரும்பினார்கள். வெடித்துவிடும் என்று ஜனங்கள் பயந்தார்கள். பிறகு சிலிண்டர் வந்தது, புகை போனது, பெண்கள்...

(இந்த வாக்கியம் இப்படியே நிற்கட்டும். பெண்கள் என்ன ஆனார்கள் என்று எனக்கு முடிக்கத் தெரியவில்லை.)

2

ஒரே வீட்டில் வாழ்க்கைப்பட்ட ஓரகத்திகள் இருவர். மூத்தவள் மணையில் உட்கார்ந்து சமைப்பாள். சின்னவள் பக்கத்தில் குந்தி, விறகைத் தள்ளி, ஊதுகுழலால் ஊதுவாள்.

அவள் கேள்வியைக் கவலை என்றே முதலில் எழுதினேன். அடித்துவிட்டேன். அது சந்தோஷம். கேஸ் வந்தால் கை ஒழியும், அடுத்த தெருத் தையல் கடையில் வேலைக்குச் சேரலாம் என்று கடைக்காரம்மாவிடம் சொல்லியே வைத்திருந்தாள்.

3

“தரையில வைக்காதீங்கம்மா. சிலிண்டரவிட அடுப்பு உசரத்துல இருக்கணும்,” என்றார் கேஸ்காரர்.

“நின்னுக்கிட்டே சமைக்க நான் என்ன ஓட்டல் மாஸ்டரா?” என்றாள் மூத்தவள்.

அவர் அடுப்பை மேசைமேல் ஏற்றி, பற்றவைத்து, தணித்துக் காட்டினார். தீ சிறுத்தால் ஊத வேண்டும். சின்னவளின் கைக்குத் தெரிந்தது அதுதான். ஊதுகுழலை எடுத்து, மூச்சைப் பிடித்து ஒரே ஊது. நீலத் தீ போய் நாற்றம் வந்தது. கேஸ்காரர் பதறிக் குமிழைத் திருகி மூடினார்.

“ஏண்டி, வந்த அன்னிக்கே அதக் கொன்னுட்டியே!”

“சிறுத்துப்போச்சுக்கா. பாக்கப் பாவமா இருந்துச்சு.”

(இங்கே ஒரு விபத்தை வைக்கலாமா என்று யோசித்தேன். கதை சூடுபிடிக்கும். ஆனால் இந்த வீட்டில் நடந்தது வேறு.)

4

சில நாளிலேயே மூத்தவளுக்குக் கால் வீங்கியது.

“நிக்க முடியலடி. நாளையிலேர்ந்து அடுப்ப நீயே பாத்துக்க. இப்பத்தான் ஊதவும் வேண்டாமே.”

“அதானே, ஒரு ஆள் போதுமே,” என்றது கூடத்திலிருந்து ஒரு குரல். அண்ணனா தம்பியா என்று நான் முடிவு செய்யவில்லை. இருவரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள்.

“சிரிச்ச முகமா அடுப்பப் பத்தவைக்கிறதோட முடிச்சிடுங்க மேடம்,” என்றார், இதுவரை எழுதியதைப் படித்துப் பார்த்த பத்திரிகை ஆசிரியர். முயன்றேன்:

சின்னவள் புன்னகையுடன் குமிழைத் திரு

வரவில்லை. சரி, ஆண்களில் ஒருவரை எழுப்பிப் பார்ப்போம் என்று எழுதினேன். எழுந்தார். தீப்பெட்டி எங்கே என்று கேட்டார். மறுபடியும் உட்கார்ந்துவிட்டார்.

நாளைக் காலை அந்த அடுப்பை யார் பற்றவைப்பது என்பதை நீங்களே தீர்மானித்துக்கொள்ளுங்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: மூத்தவளின் காலை மடியில் எடுத்து வைத்துத் தைலம் தேய்த்தபடி, சின்னவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

“இல்லக்கா. நாளைக்கு நான் தையல் கடைக்குப் போறேன்.”