மூத்தவன் இடம்

"ஃப்ரெஸ்னோவுக்கு முன்னாடி?" என்று கேட்டார் சித்தப்பா. இறந்தவரின் ஆவிக்குப் பிறந்த ஊர்வரை வழி சொல்லிப் பாடுகிறவர் அவர்தான்.

அப்பா வாழ்ந்த ஊர்களைப் பின்னோக்கி எழுதிக்கொண்டிருந்தாள் பா ஹுவா. செயின்ட் பால், தாய்லாந்து அகதி முகாம், கடைசியில் லாவோஸில் அவர் பிறந்த மலை. ஓர் ஊர் விட்டுப்போனாலும் ஆவி வழியிலேயே நின்றுவிடும். இரண்டு முறை சரிபார்த்தும் அவளுக்குச் சந்தேகம் தீரவில்லை.

அப்பாவின் சவப்பெட்டியருகே நின்ற அண்ணன் நெங் கடிகாரத்தைப் பார்த்தான். பத்து மணிக்குக் குடியேற்ற அலுவலகத்தில் கையெழுத்துப் போட வேண்டும்.

"இன்னிக்குப் போகாதண்ணே."

"போகலன்னா இங்க வருவாங்க. அப்பா முன்னாடி விலங்கு வேணாம்."

பத்தொன்பது வயதில், தன்னை அறைந்த முதலாளியின் காலிக் கொட்டகைக்கு அவன் தீ வைத்தான். ஒத்துக்கொண்டால் சீக்கிரம் வெளியே வரலாம் என்றார் வக்கீல், ஒத்துக்கொண்டான். குடியுரிமை இல்லாதவனை அந்தக் குற்றம் நாடு கடத்திவிடும் என்று யாரும் சொல்லவில்லை. லாவோஸ் ஏற்க மறுத்ததால் இத்தனை வருடம் கையெழுத்தோடு போயிற்று. இப்போது ஏற்கிறார்கள். போன மாதம் கையெழுத்துப் போடப் போன இருவர் திரும்பவில்லை.

"எனக்குப் பதினெட்டு ஆகறதுக்குள்ள அப்பா குடியுரிமை வாங்கியிருந்தா நானும் தப்பிச்சிருப்பேன்" என்றான் நெங். "நீ இங்க பொறந்த மகராசி."

"ஏன் சித்தப்பா, அப்பா வாங்கல?" என்றாள் பா ஹுவா.

"பழைய நாட்ட விட்டுட்டேன்னு சத்தியம் பண்ணணுமாம். பண்ணிட்டா, செத்தப்புறம் பொறந்த மலை சேத்துக்காதுன்னு பயந்துட்டாரும்மா உங்கப்பா."

நெங் சிரித்தான். "அப்ப ரெண்டு பேரும் ஒரே ஊருக்குத்தான். நான் பிளேன்ல, அவரு நடந்து."

"முகாம்ல பொறந்தவன் நீ. லாவோஸ கண்ணால பாத்திருக்கியா? அங்க யாரத் தெரியும் உனக்கு?" என்றார் சித்தப்பா.

"அதான் அப்பா வராரே."

அப்பாவின் சட்டைக் காலரைச் சரிசெய்துவிட்டுப் போனான்.

இரண்டு மணிக்கு நெங்கின் இப்போதைய வக்கீல் போனில் பேசினாள். அவனை உள்ளேயே வைத்துவிட்டார்களாம். சனிக்கிழமைக்குள் விமானம் இருக்கலாமாம். பா ஹுவா "சரி" என்றாள். வேறு என்ன கேட்டிருக்க வேண்டும் என்று பிறகும் தெரியவில்லை.

முரசு நின்றது. துக்கத்துக்கு வந்தவர்களுக்கு மகன்கள் மண்டியிட்டு நன்றி சொல்லும் நேரம். தம்பிகள் இருவரும் பாயில் இறங்கினார்கள், மூத்தவன் இடத்தைக் காலியாக விட்டு.

மகள்கள் அந்தப் பாயில் மண்டியிடுவதில்லை. பா ஹுவா செருப்பைக் கழற்றிவிட்டு அந்த இடத்தில் மண்டியிட்டாள்.

சித்தப்பா அவளைப் பார்த்தார். பிறகு நன்றி சொல்ல வேண்டிய முதல் ஆளின் பெயரைச் சொன்னார்.