விலை ஏறிய வீடு

கிழக்குப் பகுதியில் வீட்டு விலை ஏறும்போதெல்லாம் வீடுகள் ஒரு சாண் சுருங்கின. ஆற்றுக்கு மேற்கே விலை இறங்க இறங்க வீடுகள் பெருத்தன. நகரசபை இரண்டையும் பதிவேட்டில் எழுதிக்கொண்டதோடு சரி. கிழக்கே மூன்றாவது மாடியில் ஒரு லிஃப்ட் மெக்கானிக்கும், டீச்சர் வேலை பார்த்த அவர் மனைவியும், சக்கர நாற்காலியில் இருந்த மெக்கானிக்கின் அண்ணனும் குடியிருந்தார்கள். பக்கத்தில் ரயில் நிலையம் வந்த வருடம் பீரோவை வெளியேற்றினார்கள். பெரிய கடைவளாகம் திறந்த வருடம் சாப்பாட்டு மேசை போயிற்று. அதற்கடுத்த வருடம் காலை மடக்கித் தூங்கப் பழகிக்கொண்டார்கள். சொந்தக்காரர்கள் வாசலிலேயே நின்று, "கொடுத்து வச்சவங்கப்பா நீங்க" என்று பெருமூச்சு விட்டுப் போனார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலை ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது அண்ணனின் நாற்காலி கதவில் சிக்கிக்கொண்டது. முந்தின நாள்தான் மேல்மாடி வீடு யானை விலைக்குப் போயிருந்தது. மெக்கானிக் தள்ளினார், சாய்த்தார், கடைசியில் ஆளை மட்டும் தூக்கிப் பார்த்தார். அண்ணனுக்குப் பருத்த உடம்பு, தோள் நுழையவில்லை.

"விடுடா, நான் இங்கயே கிடக்கேன். வீட்ட மட்டும் வித்துடாதீங்க, இன்னும் ஏறும்" என்றார் அண்ணன்.

டீச்சர் உடனே தரகருக்கு போன் போட்டார். "அண்ணே, பாதி விலைக்குக் கொடுத்துருங்க."

"பாதிக்கா? என்னம்மா, அடுத்த மாசம் எங்கயோ போயிருமேம்மா!"

"அதாண்ணே பயமா இருக்கு."

வாங்குகிறவர் மதியமே வந்தார். இடம் போதாமல் படிக்கட்டில் உட்கார்ந்து ஒப்பந்தம் எழுதினார்கள். டீச்சர் கையெழுத்துப் போட்டு முடித்ததும் கதவுநிலை முனகிக்கொண்டு இரண்டு சாண் அகன்றது. மெக்கானிக் ஒரே தள்ளில் அண்ணனை வெளியே கொண்டுவந்தார். விலையைக் கெடுத்துவிட்டார்கள் என்று அக்கம்பக்கத்தார் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டு, தங்கள் வீடுகளுக்குள் போய் நிம்மதியாகக் காலை நீட்டினார்கள்.

அந்த மாதமே மேற்கே, யாரும் சீண்டாத தெருவில் ஒரு வீடு கிடைத்தது. அண்ணன் கூடத்தின் நடுவில் நாற்காலியை ஒரு முழு வட்டம் சுற்றினார். பிறகு எதிர்ப்பக்கமாக ஒன்று. "டேய், இடிக்கவே இல்லடா" என்றார். டீச்சர் மூட்டை முடிச்சுகளை அப்படியே போட்டுவிட்டுத் தரையில் மல்லாந்து படுத்து, இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு தூங்கிப்போனார்.

மழைக்காலத்தில் அந்தப் பகுதியில் விலை இன்னும் சரிந்தது. ஒருநாள் காலை சமையலறைக்குப் பின்னால் புதிதாக ஓர் அறை இருந்தது. மெக்கானிக் கடைக்குப் போய் அதற்கொரு பல்பு வாங்கிவந்து மாட்டினார்.