இழுத்துக் காட்டும் வித்தை

“மார்ச் 11, செவ்வாய். நாலாம் ரேக்கில் கேபிள்களை ஒழுங்குபடுத்தினேன். சிறு தவறு: பிரிப்பதற்கு முன் படம் எடுக்க மறந்துவிட்டேன். மற்றபடி நன்றாகவே வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.”

‘நினைக்கிறேன்’ என்ற சொல்லை அவள் அடித்தாள். பிறகு யோசித்து, மேலே மறுபடியும் எழுதினாள்.

தினமும் வேலைக் குறிப்பு எழுத வேண்டும் என்பது அவள் வேலையோடு படிக்கும் நெட்வொர்க் மாலை வகுப்பின் விதி. மற்றவர்கள் வாரக் கடைசியில் உட்கார்ந்து ஒரே மூச்சில் ஒரு வாரத்தையும் கற்பனை செய்துவிடுவார்கள். அவளுக்கு அந்தத் துணிச்சல் கிடையாது. நடந்ததை எழுதும்போதே பாதி சந்தேகமாக இருக்கும் பெண், நடக்காததை எப்படி எழுதுவாள்?

ஊரார் இணையதளங்களையெல்லாம் வாடகைக்குக் குடிவைக்கும் அந்த சர்வர் கூடத்தில் அவளுக்குப் பெயர் ‘புதுசு’. வேலை நிரந்தரமானால்தான் பெயர் பழசாகும். அதற்கான ஆணையில் கையெழுத்துப் போட வேண்டியவர் மேலாளர். முதலாளியின் மகளைக் கட்டியவர் என்பதால், முகத்துக்கு நேரே ‘சார்’, முதுகுக்குப் பின்னால் ‘மாப்பிள்ளை’.

மாப்பிள்ளையின் கைவசம் ஒரு வித்தை இருந்தது. புது வாடிக்கையாளர் யார் வந்தாலும், சர்வர்களை அடுக்கிய அலமாரிகளில் நாலாவதான நாலாம் ரேக்குக்கு அழைத்துப் போவார். அதில் ஓடும் ஒரு இணையதளத்தை மடிக்கணினியில் காட்டுவார். பிறகு, பல் பிடுங்குகிற மாதிரி, ஒரு கேபிளை வெடுக்கென்று இழுப்பார். இணையதளம் அசையாது. வந்தவர்கள் வாய் பிளப்பார்கள். விஷயம் எளிமையானது: ஒவ்வொரு சர்வரிலிருந்தும் சிவப்பு கேபிள், லைனைப் பிரித்துக் கொடுக்கும் மேல் சுவிட்ச் பெட்டிக்குப் போகும், நீல கேபிள் கீழ் சுவிட்சுக்கு. இரண்டு சுவிட்சுகளுக்கும் வெளியிலிருந்து தனித்தனிக் கம்பெனியின் லைன். ஒன்று படுத்துக்கொண்டால் இன்னொன்று சுமக்கும்.

புதன்கிழமை காலை, தன் கைவேலையை ரசிக்கத்தான் அவள் நாலாம் ரேக்கின் முன்னால் போய் நின்றாள். சிவப்பு, நீலம், சிவப்பு, நீலம் என்று சடை பின்னியதுபோல கேபிள்கள் மேல் சுவிட்சில் அழகாக இறங்கியிருந்தன. மேல் சுவிட்சில். எல்லாமே. கீழ் சுவிட்சில் சர்வர் விளக்கு ஒன்றுகூட மினுக்கவில்லை. வீட்டைக் காலி செய்துகொண்டு போனதுபோல இருண்டு கிடந்தது.

மேல் லைனை இழுத்தால் இப்போது சுமக்க இன்னொன்று இல்லை. ரேக்கின் கண்ணாடிக் கதவு பூட்டியிருந்தது. சாவி மாப்பிள்ளையின் கழுத்தில். மாப்பிள்ளையோ வாசலில், பயணச்சீட்டு விற்கும் நிறுவனத்திலிருந்து வந்த அம்மாளுக்குக் கும்பிடு போட்டுக்கொண்டிருந்தார்.

ஏணியில் நின்று வடிகட்டி மாற்றிக்கொண்டிருந்த ஏசிக்காரரிடம் விஷயத்தைச் சொன்னாள். அவர் கீழே இறங்காமலேயே தீர்ப்பு சொன்னார்.

“உன் ஆர்டர் அவர் சட்டைப் பையில இருக்கு தங்கச்சி. என் கண்ணால பாத்தேன். இன்னிக்கு ஒரு நாள் வாய்க்கு லீவு விடு.”

இருந்தாலும், அவர்கள் நாலாம் ரேக்குக்கு வந்ததும் மாப்பிள்ளையின் அருகே போய், இன்றைக்கு வித்தை வேண்டாம் என்று முணுமுணுத்துப் பார்த்தாள். பின்னிய கேபிள்களை அந்த அம்மாளிடம் காட்டிப் பெருமையடிப்பதில் அவர் மும்முரமாக இருந்தார். இதோ, இந்தப் பெண்ணின் வேலைதான் என்று வேறு சொன்னார். பூட்டைத் திறந்தார். மேல் சுவிட்சுக்குள் வரும் வெளி லைனைப் பிடித்து வெடுக்கென்று இழுத்தார்.

அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“பாத்தீங்களா மேடம், அசையல” என்றது மாப்பிள்ளையின் குரல்.

கண்ணைத் திறந்தாள். மடிக்கணினியில் இணையதளம் கல்யாண வீட்டு வாழைமரம் மாதிரி நின்றுகொண்டிருந்தது. அது எப்படி? அதற்குள் அவள் கைபேசி அதிர்ந்தது. அக்கா. அக்காவின் குழந்தைத் துணிக்கடை இணையதளமும் நாலாம் ரேக்கில்தான் குடியிருந்தது. அதைப் பார்க்க வருகிறவர்களில் பாதிப் பேர் அக்காவேதான்.

“ஏய், என் கடை காணோம்டி. நான்தான் எதையாவது தப்பா அமுக்கிட்டேனா?”

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. ரேக் முழுக்கச் செத்துவிட்டது. மடிக்கணினியில் நிற்பது காலையிலேயே திறந்துவைத்த பக்கம். திறந்த பக்கம், லைன் போனாலும் திரையில் சும்மா நிற்கத்தான் செய்யும். இத்தனை நாளும் மாப்பிள்ளை காட்டியதும் இதைத்தான். அவர் ஏமாற்றவில்லை. உற்சாகமாக, மனசார, தானும் ஏமாந்துகொண்டிருந்தார்.

பேச்சு முடிந்ததும் கேபிளைத் திரும்பச் செருகுவார். அக்காவின் கடை திரும்பி வரும். சட்டைப் பையிலிருக்கும் ஆணையும் வெளியே வரும். நீல கேபிள்களைச் சாயங்காலம் ஓசைப்படாமல் மாற்றிக்கொள்ளலாம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். தான் கணித்ததே தப்பாக இருந்தால்? இருக்கலாம். அவள் கணிப்புக்கு என்ன உத்தரவாதம்? ஆனால் காதில் அக்கா இன்னமும் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

“சார்,” என்றாள், “ஒரு தடவை ரெஃப்ரெஷ் பண்ணிப் பாருங்க.”

மாப்பிள்ளை தாராளமாகச் சிரித்துக்கொண்டே பொத்தானை அழுத்தினார். திரை வெள்ளையாயிற்று. சிரிப்பு முகத்திலேயே ஒட்டிக்கொண்டு, இறங்க வழி தெரியாமல் நின்றது. ஏணியின் மேல் ஏசிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

தப்பு தன்னுடையது என்று அவள் சொன்னாள். நீலம் கீழே போயிருக்க வேண்டும், அழகுக்காக மேலே கொண்டுவந்துவிட்டேன் என்றாள். வரிசை மாறாமல், ஒன்றும் விட்டுப்போகாமல் சொன்னாள்.

பயணச்சீட்டு அம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

“எல்லா எடத்துலயும் இழுத்துத்தான் காட்டறாங்க. யாரும் அமுக்கிக் காட்டினதில்ல” என்றார். “சரி செய்யுங்க. நாளைக்கு வரேன். இந்தப் பொண்ணு இழுக்கட்டும், என் ஃபோன்ல நான் பாத்துக்கறேன்.”

அவர் போனபின் மாப்பிள்ளை கேபிளைச் செருகினார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“போன வருஷம் ஒரு மந்திரிக்குக்கூட இழுத்துக் காட்டினேன்மா” என்றார் ஈனஸ்வரத்தில். பிறகு மேலாளராகத் திரும்பினார். “நாளைக்கு அந்தம்மா ஃபோன்ல பக்கம் நின்னா, கையெழுத்து. நிக்கலன்னா நீயும் நானும் சேர்ந்து என் மாமனாருக்குப் பதில் சொல்றோம்.”

அன்று மாலை வகுப்பு தொடங்குமுன் அவள் எழுதினாள்:

“மார்ச் 12, புதன். நாளைய வேலை: முதலில் படம் எடுப்பது. நீல கேபிள்களைக் கீழ் சுவிட்சுக்கு மாற்றுவது. அந்த அம்மாள் வருமுன் நானே ஒரு தடவை இழுத்து, என் கைபேசியில் பார்ப்பது. ரெஃப்ரெஷ் செய்து பார்ப்பது.”